வேறு மாத்திரை ஒன்றும் இல்லை

லெப்பாமாகிப் பண்ணை
1996 டிசம்பர் 1, ஞாயிறு

அன்புள்ள சைலா அக்கா, இந்த முதல் பத்தி மட்டும் மெர்வி சொல்வது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று அம்மா வாசற்படிப் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள், கிறிஸ்துமஸ் வரை மாவுக்கட்டு, ஆகவே அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி உண்மையாக எழுதுவேன் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். அம்மா சொல்வதை அழகுபடுத்த மாட்டேன், இதை எழுதாதே என்று அவள் சொன்னால் அவள் அப்படிச் சொன்னதையும் சேர்த்து எழுதுவேன், அழுதால் நிறுத்திக் காத்திருப்பேன், ஆனால் அழுதாள் என்று எழுதுவேன். அம்மா இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறாள், பதினான்கு வயதில் இவ்வளவு சட்டம் பேசுகிறாயே என்று மட்டும் சொன்னாள். இனி "நான்" என்று வருவதெல்லாம் அம்மா. நடுவில் நான் பேச வேண்டியிருந்தால் என் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுவேன்.

என் சைலாக் கண்ணு, நீயும் மாப்பிள்ளை கிரஹாமும் நல்லபடியாக இருக்கிறீர்களா, வயிற்றுப் பிள்ளை நன்றாக உதைக்கிறதா, அங்கே ஆஸ்திரேலியாவில் இப்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், கால் வீங்கினால் தலையணை மேல் தூக்கி வைத்துப் படு. இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் கையைத் தவிர உடம்புக்குக் குறைவில்லை. மற்றதைக் கேட்காமல் இருந்திருந்தால் நானும் சொல்லாமலே இருந்திருப்பேன், ஆனால் நீ கேட்டுவிட்டாய். உன் கடிதத்தில், இதயம் நன்றாக அடித்தது என்று டாக்டர் சொன்னாராமே, பிறகு அப்பா ஏன் போனார், தொலைபேசியில் சிறுநீரகம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாயே, எட்டு மாத வயிற்றோடு என்னால் விமானம் ஏற முடியவில்லை, எழுத்திலாவது முழுதாகச் சொல் என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் ஒன்பது நாளாக ரொட்டிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. தினமும் ரொட்டி எடுக்கும்போது அதன் ஓரம் தெரியும். இன்று கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளில் முதல் ஞாயிறு, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறோம், இன்றைக்கும் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மான்சிக்கி போன புதன்கிழமை கிடாரிக் கன்று போட்டாள், நெற்றியில் வெள்ளை. மாடுகளை இர்ஜாதான் பார்த்துக்கொள்கிறாள். அவளை உனக்குத் தெரியாது, பண்ணைக்காரர்களுக்கு நோய் என்றாலோ விடுப்பு என்றாலோ ஊராட்சி அனுப்பிவைக்கும் மாற்றுப் பணியாள், ஐம்பது வயது, கழுத்து பருத்த பெண், கொட்டகையில் நின்றுகொண்டு மாடுகளுக்கு வானிலைச் செய்தி சொல்வாள். அக்டோபர் இருபத்தொன்று முதல் மூன்று வாரத்துக்கு என்று வந்தவள் இன்னும் வந்துகொண்டிருக்கிறாள். இந்த மூன்று வாரத்தை மனதில் வைத்துக்கொள், எல்லாம் அதில்தான் இருக்கிறது.

உன் அப்பாவுக்கு மே மாதத்திலேயே இதயத்தில் மூன்று குழாய் அடைத்திருக்கிறது, அறுவை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அறுவைக்கு முதலில் குறித்த நாள் ஜூனில் வந்தது, புல்லறுப்பை விட்டுவிட்டு வர முடியாது என்று நாங்களே தள்ளிப்போட்டோம். இரண்டாவதாகக் குறித்த நாள் வந்தபோது அவருக்குக் காய்ச்சல். மூன்றாவதுதான் அக்டோபர் இருபத்திரண்டு. தேதி வந்தது செப்டம்பர் கடைசியில், உருளைக்கிழங்கு எடுத்து முடித்த வாரம், அந்த வேலையில் அவர் வலது முழங்கால் பந்துபோல் வீங்கிக் கிடந்தது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கொடுப்பார்களே அந்த வலி மாத்திரை, அதைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பிறகு இரண்டிரண்டு என்று போட்டுக்கொண்டார். நம் வீட்டில் அதை யார் மாத்திரை என்று கணக்கில் எடுப்பார்கள்? சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில்தானே இருக்கும். அறுவைக்கு முன் செய்ய வேண்டியதை மருத்துவமனை ஒரு தாளில் அச்சடித்து அனுப்பியிருந்தது. வலி மாத்திரை எதையும் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. நான் அதை உரக்கப் படித்தேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "இதயம் டாக்டரோட விஷயம், வீட்டம்மா. முழங்கால் என் விஷயம்" என்றார். "சரிதான் பெரியவரே, ரெண்டும் ஒரே உடம்புல தானே இருக்கு" என்று நானும் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

கிளம்புவதற்கு முந்திய நாள் ஞாயிறு. சனிக்கிழமைதான் சவுனாவில், நம் நீராவிக் குளியலறையில், குளித்தோம், இருந்தாலும் அழுக்கோடு கத்திக்கு அடியில் படுக்க மாட்டேன் என்று ஞாயிறும் அடுப்பை மூட்டினார். மூன்று தடவை உள்ளே போய் வந்தார், கல்லில் தண்ணீர் ஊற்றும் ஓசை எனக்கு முற்றம் வரை கேட்டது. வேர்த்து வடிய வந்தவர் கொஞ்சம் மோர் குடித்தார், அவ்வளவுதான். மறுநாள் நூற்றெண்பது கிலோமீட்டர் போக வேண்டும். நீர் மாத்திரை போடுகிறவருக்கு வழியில் எத்தனை முறை நிறுத்த வேண்டியிருக்கும் என்று உனக்குத் தெரியும், பனியில் சாலையோரம் நின்று ஊருக்குக் காட்டணுமா என்று காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடத் தொடவில்லை. மாத்திரையை மட்டும் போட்டார். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றையும் ஒரே வாயில் போட்டு எச்சிலால் விழுங்கினார். வலி மாத்திரையின் மிச்சப் பட்டையை என் கைப்பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார், போட்டுக்கொண்டேன்.

இதுவரை சொன்னது அறியாமை என்று சொல்லலாம். இனிச் சொல்லப்போவது அப்படியில்லை. மருத்துவமனையில் ஒரு சின்னப் பெண், நர்ஸ், மடியில் அட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்பாவுக்குப் பதிலாக நான்தான் பதில் சொன்னேன், எப்போதும் அப்படித்தானே, அவர் வெளியாட்களிடம் வாயைத் திறப்பது தவளை கத்துவது போல மழைக்காலத்தில் ஒருமுறை. இதயத்துக்கான மாத்திரைகளை எல்லாம் எழுதி முடித்துவிட்டு அவள், "வேற மாத்திரை ஏதாச்சும் போடுறாராம்மா? கடையில சும்மா வாங்குறதுகூட?" என்று கேட்டாள். சைலா, அந்தக் கணத்தில் எனக்கு ஞாபகம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. ஞாபகம் வந்தது. கைப்பை என் மடியில் இருந்தது, உள்ளே பட்டையின் முனை என் விரலில் பட்டது. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இர்ஜாவின் மூன்று வாரம் அன்றுதான் தொடங்கியிருந்தது, அது முடிந்தால் அவள் வேறு பண்ணைக்குப் போய்விடுவாள், இருபத்திரண்டு மாடு, உன் அப்பா மூச்சு வாங்க வாங்க அந்தக் கொட்டகையில் மறுபடியும் ஒரு குளிர்காலம். இவ்வளவும் அந்தப் பெண் பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்த நேரத்துக்குள் என் மனதில் ஓடியது. "வேற மாத்திரை ஒண்ணும் இல்லை" என்றேன்.

இரண்டாவது முறையும் கேட்டார்கள். மத்தியானம் டாக்டரம்மா இரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார். சிறுநீரகத்தின் எண் மூன்று வாரத்துக்கு முன் இருந்ததைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லையா என்று கேட்டார். உன் அப்பா சவுனாவைப் பற்றிச் சொன்னார். டாக்டரம்மா சிரித்துவிட்டார், "எங்கப்பாவும் இப்படித்தான். சரி, உள்ள தண்ணி ஏத்துறேன், நாளைக்கு மெஷின் ரத்தத்தை ஓட்டுற நேரத்துல முதல்ல அடிபடுறது இந்தச் சிறுநீரகம்தான், அதைப் பத்திரமா வச்சுக்கணும். இது தவிர வேற காரணம் ஏதாவது இருக்குமா?" என்று என்னைப் பார்த்தார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் கால்சட்டையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள், எண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தண்ணீர்தான் காரணம் என்று சந்தோஷமாக அறுவைக்குக் கொண்டுபோனார்கள்.

அறுவை நன்றாக நடந்தது. இதயத்தை நிறுத்தி வைத்து, இயந்திரம் இரத்தத்தை ஓட்ட, காலிலிருந்து எடுத்த நரம்பை வைத்துத் தைத்தார்களாம். அப்பா கண் திறந்தபோது என்னைப் பார்த்து, "மாடு கறந்தாச்சா?" என்றுதான் கேட்டார். ஆனால் கட்டிலுக்குக் கீழே தொங்கிய மூத்திரப் பையைப் பார்க்க மணிக்கு ஒருமுறை நர்ஸ் குனிவாள். முதல் நாள் முப்பது மில்லி, இருபது, பதினைந்து. பிறகு பழுப்பாக அடியில் ஒரு கோடு. இத்தனை வருடம் பாலை அளந்தவள் நான், ஒரு மாடு அரை லிட்டர் குறைத்தால் ஏன் என்று கேட்டுக்கொண்டே பின்னால் போகிறவள், அந்தப் பையைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா மட்டும், "எங்க வீட்டுல என் மூத்திரத்தைப் பத்தி இவ்வளவு பேசினதே கிடையாது, இப்ப நாலு பேர் குனிஞ்சு பாக்குறாங்க, பெரிய மனுசன் ஆயிட்டேன் போலிருக்கு" என்று நர்ஸைச் சிரிக்க வைத்தார். மூன்றாம் நாள் கைப்பையைத் திறந்து பட்டையை எடுத்து டாக்டரம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் திட்டவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ரைய்யாம்மா. இந்த வயசுல, இந்த அறுவையில, ஒண்ணும் சாப்பிடாதவங்களுக்கும் சிறுநீரகம் நின்னிருக்கு. ஆனா பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் போடுறவருக்கு இதுவும் சேர்ந்தா அதுக்கு ஓடுற ரத்தம் குறைஞ்சுபோகும். தெரிஞ்சிருந்தா ஒரு வாரம் தள்ளி வச்சிருப்பேன்" என்றார். ஒரு வாரம்.

அதற்குப் பிறகு இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்கு மணி நேரம் படுத்துக் கிடப்பார். அப்படி ஒரு நாள் அவரே கேட்டார், "சொல்லிட்டியா?" சொல்லிவிட்டேன் என்றேன். "முதல் நாளே சொல்லியிருந்தா, வீட்டுக்குப் போற நூத்தியெண்பது கிலோமீட்டரும் உன்னைத் திட்டிக்கிட்டே வந்திருப்பேன், வீட்டம்மா" என்றார். நானும், "திட்டு வாங்கிட்டே ஓட்டியிருப்பேன், பெரியவரே" என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். உன் அப்பா பகலில், பிறர் பார்க்க, என் கையைப் பிடித்தது எங்கள் திருமணத்தன்று ஒன்று, அன்று ஒன்று. (அம்மா இங்கே அழுதாள். நான் காத்திருந்தேன். மெர்வி.)

சிறுநீரகம் சில வாரத்தில் திரும்ப வேலை செய்யலாம் என்றார்கள், நானும் நம்பினேன். அதுவரை நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. அவருக்குத் தாகம். வேறு எந்த வலியையும் சொல்லவில்லை, அதை மட்டும் சொன்னார். பதினாறாம் நாள் காய்ச்சலில், "ஒரு கிளாஸ் மோர் குடு, நம்ம வீட்டு மோர், ஒரே ஒரு கிளாஸ்" என்று கேட்டார். இர்ஜா கொடுத்தனுப்பிய புட்டி ஜன்னலோரம் குளிரில் இருந்தது. அன்றைய அளவு முடிந்துவிட்டது என்று சொல்லி, ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தேன். சொல் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காதவள் அங்கே போய்க் கேட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு, இரத்தத்தில் நஞ்சு ஏறிப் போய்விட்டார். புட்டியை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அதை எழுதாதே மெர்வி.

அடக்கத்தன்று காபி குடிக்கும்போது இர்ஜாவிடம் சொன்னேன், உன் மூன்று வாரம் போய்விடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன் என்று. அவள் கோப்பையை வைத்துவிட்டாள். "ஏன் ரைய்யா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அடுத்த பண்ணைக்காரன்கிட்ட பேசி ஒரு வாரம் மாத்தியிருப்பேனே. அவனுக்கு என்ன, டிசம்பர்ல போறேன்னாலும் சரின்னுதான் சொல்லியிருப்பான்" என்றாள். கேட்கவில்லை. இந்த ஊரில் நாங்கள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை, அதைத்தான் இத்தனை வருடம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தோம். உன்னிடம் மட்டும் இப்போது கேட்கிறேன். மன்னித்தேன் என்று உடனே எழுதாதே. அப்படி எழுதினால் நான் நம்ப மாட்டேன். கோபம் வந்தால் கோபத்தை எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மெர்வி எழுதுகிறேன். அம்மா கொட்டகைக்குப் போயிருக்கிறாள், மணி நான்கு, வெளியே இருட்டிவிட்டது. ஒரு கையை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வாய் என்று இர்ஜா கேட்டால், கறப்பது நீ, அதட்டுவது நான் என்பாள். எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று சொல்லித் தொடங்கினேன், அப்படியானால் இதையும் எழுத வேண்டும். அந்த மாத்திரையை வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டு வரும் வழியில் சைக்கிளில் போய் வாங்கி வந்தது நான். எனக்குக் கையில் கிடைத்ததை எல்லாம் படிக்கும் பழக்கம் உண்டல்லவா, பெட்டிக்குள் மடித்திருந்த தாளையும் படித்தேன். இதய நோய் உள்ளவர்களும் நீர் மாத்திரை போடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று அதில் இருந்தது. கொட்டகைக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். கையை நீட்டி எட்ட வைத்துப் படித்தார், முழுவதையும் படித்தார். "இந்தத் தாளை நம்பினா காபிகூடக் குடிக்க முடியாது, புத்தகப்புழு. அம்மாகிட்ட சொல்லாதே, அவ தூங்க மாட்டா" என்று திருப்பிக் கொடுத்தார். உனக்கு எழுதிக் கேட்கலாம் என்று தாளை என் அட்லஸில் ஆஸ்திரேலியாப் பக்கத்தில் வைத்தேன். பிறகு கணக்குத் தேர்வு வந்தது, மறந்துவிட்டேன். அப்பா போன பிறகு அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை.

இதுவும் மெர்விதான். அம்மா வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் படி என்றாள். மோர்ப் புட்டி வந்த இடத்தில், "எழுதிட்டியா அதையும்" என்றாள். என் பகுதி வந்தபோது தாண்டிவிடலாமா என்று நினைத்தேன், தாண்டவில்லை. படித்து முடித்ததும் அம்மா, "தாள் எங்கே?" என்றாள். அட்லஸைக் கொண்டுவந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெழுகுவர்த்திப் பக்கத்தில் நின்றபடியே, அப்பா படித்ததைப் போலவே, முழுவதையும் படித்தாள். நான் என் பத்தியை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம், இருக்கட்டும்" என்றாள். பிறகு மாவுக்கட்டுக் கையை என் தோளில் வைத்தாள், கனமாக இருந்தது. "நீ சொல்ல வேண்டிய ஆள்கிட்ட சொன்னே. அந்த நர்ஸ் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உன்னையா கேட்டா? என்னைத்தான் கேட்டா. இதை அப்படியே உன் அக்காவுக்கு எழுது" என்றாள். எழுதிவிட்டேன். இனி மறுபடியும் அம்மா.

கண்ணு, கன்றுக்கு நீ பெயர் வைக்க வேண்டும், மெர்வி வைத்தால் ஏதாவது புத்தகத்திலிருந்து வாயில் நுழையாததாக எடுப்பாள். பிள்ளைக்கு இரண்டு ஜோடி காலுறை பின்னி வைத்திருக்கிறேன், இரண்டாவது ஜோடியில் ஒன்று கை முறிந்த பிறகு இர்ஜா முடித்தது, கணுக்கால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், பொறுத்துக்கொள். பிரசவத்துக்குப் போகும்போது அங்கே உன்னையும் யாராவது கேட்பார்கள், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று. தலைவலிக்குப் போட்டதைச் சொல், இருமல் மருந்தைச் சொல், அவர்கள் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை என்று சொல். அனுப்பினால் திரும்பி வந்து இன்னொரு நாள் போ. கிரஹாம் உனக்குப் பதிலாகப் பதில் சொல்ல விடாதே. கடவுள் உன்னையும் பிள்ளையையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும், அப்பாவின் காது அந்தப் பிள்ளைக்கு வந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. மாத்திரை விஷயத்தை மறக்காதே.

உன் அம்மா
ரைய்யா

மறுபடியும் மெர்வி. கையெழுத்து கோணலாக இருப்பது அம்மா அதை மட்டும் இடது கையால் தானே போட்டதால். இன்னும் ஒன்றே ஒன்று, பிறகு உறையை ஒட்டிவிடுவேன். முற்றத்து விளக்கு தேவையில்லாமல் எரிந்தால் அப்பா, "யாருக்கு எரியுது அது, முயலுக்கா?" என்று சத்தம் போடுவார், உனக்கு ஞாபகம் இருக்கும். மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று காலை இருட்டில் அந்த விளக்கைப் போட்டவரும் அவர்தான், திரும்பி வந்து நானே அணைப்பேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஆறு வாரமாக இரவும் பகலும் எரிந்தது, நானோ அம்மாவோ இர்ஜாவோ அதைத் தொடவில்லை. இப்போது அம்மா கதவோரம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். விளக்கை அணைத்துவிட்டாள்.